அறுபதாம் தட்டும் ஒரு பிரதட்டையும்

இந்த வருசம் நான் உருளப்போவதில்லை.

இதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கதவைப் பூட்டி, தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டு, வீரமாக அறிவித்தேன். குழாயைத் திறந்தது என் மனைவி தக்சாயினிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

உருளுவதென்றால் பிரதட்டை. எங்கள் ஊர் நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் காலை வேளையில் ஆண்கள் வேட்டியை இறுக்கிக் கட்டி, மேலே ஒன்றும் போடாமல், கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு கோயிலைச் சுற்றி மணல் வீதியில் உருண்டு போவார்கள். பார்க்கப் பக்தியாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு. எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஜெர்மனியில் பேக்கரிப் பாணும் பட்டரும் சேர்ந்து வருசக் கணக்காகக் கட்டி எழுப்பிய வயிறு ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் இடப்பக்கம் உருண்டால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பின்னால் வரும். போதாக்குறைக்கு இப்போது திருவிழாவை நேரடியாக ஒளிபரப்புகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா இராச் சாப்பாட்டோடு என் வயிற்றைப் பார்ப்பார். ஒஸ்லோவில் இருக்கும் தக்சாயினியின் மாமி அலாரம் வைத்து எழும்பிப் பார்ப்பா.

இந்த உருளலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நேத்திக்கடன். நான் வைத்ததல்ல. ஊருக்குத் திரும்பிப் போவோம் என்று தக்சாயினி கேட்டபோது நான் மாட்டேன் என்றேன். அவள் என்னோடு வாதாடவில்லை. நேரே முருகனோடு கதைத்தாள். "இந்த மனுசன் ஊருக்கு வர ஓமெண்டால் இவரை உன்ரை வீதியில உருள வைக்கிறன்." மூன்று மாதத்தில் நான் ஓமென்றேன். எப்படி ஓமென்றேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகமொத்தம், நான் தோற்றதற்கான செலவையும் நானே கட்ட வேண்டும்.

"நேத்தி வைச்சது நீர். உருளுறது நானோ?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டினது நான். அலைஞ்சது நான். விரதம் பிடிச்சது நான். உருளுறதும் நானெண்டால் நீங்கள் என்னத்துக்கு?"

நான் தமிழிலும் படித்தவன், ஜெர்மன்காரரின் டொச்சிலும் படித்தவன். இரண்டிலும் தேடி, கடைசியில் என் இடுப்பைக் கண்டுபிடித்தேன்.

ஆகவே முதல் வருசம் இடுப்பு நோ, குனிய முடியவில்லை என்றேன். இரண்டாம் வருசமும் இடுப்பு நோ. இந்த வருசம், கோயில் மதிலுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கிய அன்றைக்கே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் அகலமான இடுப்புப் பட்டியாகப் பார்த்து வாங்கி, சேட்டுக்கு மேலாகவே கட்டிக்கொண்டேன். உள்ளே கட்டினால் நோ தெரியாதல்லவா?

அந்த நேரத்தில்தான் சுதாகரனின் பெட்டி வந்து சேர்ந்தது.

சுதாகரன் என் பழைய சினேகிதன். வெளிநாட்டுக்கு ஏற்றிவிட ஏஜென்சிக்காரன் எப்போது கூப்பிடுவான் என்று வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருவரும் மாதக் கணக்காகக் காத்துக் கிடந்தோம். லொட்ஜுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடியோ கேம் கடை. அங்கேதான் எங்கள் இளமை சில்லறைக் காசாய், குற்றி குற்றியாய்ப் போனது. இப்போது கனடாவில் இருக்கும் சுதாகரன், அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பெட்டியும், ரீவியில் கொளுவுகிற வயரும், இரண்டு கைப்பிடிகளும் அனுப்பியிருந்தான்.

"உதென்ன?" என்றாள் தக்சாயினி.

"பழைய வீடியோ கேம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு எத்தினை வயசு?"

"விளையாட்டுக்கு வயசில்லைத் தக்சா."

"ஓமோ? அப்ப இடுப்புக்கு மட்டும்தான் வயசு போகுதோ?"

நான் உடனே பட்டியை ஒருமுறை தடவிக்கொண்டு, "அம்மா..." என்று கதிரையில் மெதுவாக அமர்ந்தேன்.

அந்தப் பெட்டிக்குள் நான் தேடியது ஒரே ஒரு ஆட்டம். அதன் பெயர் யப்பான் எழுத்தில் இருக்கும். நாங்கள் 'ரெண்டு பேக்கரி' என்போம். வெள்ளைத் தொப்பி ஒருவன், சிவப்புத் தொப்பி ஒருவன். இருவரும் பாண் போடுகிறவர்கள். தட்டுத் தட்டாக ஏறிப் போக வேண்டும். பேய்கள் வரும். கோதுமை மா உருண்டையால் எறிந்தால் பேய் மாவுக்குள் அகப்பட்டுப் பந்தாகிவிடும். அதை உதைத்துக் கீழே விழுத்த வேண்டும். அறுபதாம் தட்டில், பாண் சுடுகிற பெரிய போறணை நெருப்புக்குப் பக்கத்தில், ஒரு பூதம் குந்தியிருக்கும்.

முக்கியமான விசயம், இது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஒருவனுக்கு உயிர் முடிந்தால் மற்றவன் பொத்தானை அமத்தித் தன் உயிரில் ஒன்றைக் கடனாகக் கொடுக்கலாம். நானும் சுதாகரனும் அறுபதாம் தட்டுவரை போய்விட்டோம். அடுத்த நாள் பூதத்தை முடிப்பதாக ஏற்பாடு. அடுத்த நாள் அவனுக்கு விமானம். நான் தனியாகப் போய் முடித்தேன். பூதம் செத்தது. ஒரு சின்ன இசை. பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: "இது உண்மையான முடிவல்ல. நண்பனோடு திரும்பி வா."

அன்றிலிருந்து எனக்கு அந்த உண்மையான முடிவு தெரியாது. திருமணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து போனார்கள், சுவர்களும் எல்லைகளும் விழுந்து எழுந்தன. சில இரவுகளில் நித்திரை வராமல் படுத்திருக்கும்போது மனிதன் தத்துவம் யோசிப்பான் என்பார்கள். நான் அந்த இரண்டு பேக்கரிக்காரருக்கும் கடைசியில் என்ன நடந்தது என்று யோசித்தேன்.

"யூடியூப்பில கிடக்குமே, பாருங்கோவன்" என்றாள் தக்சாயினி.

"மற்றவன் சாப்பிட்ட கோப்பையைப் பாத்து நான் ஏப்பம் விடுறதே?"

அவள் வெங்காயத்தை உரித்தபடியே நிமிர்ந்தாள். கலண்டரைப் பார்த்தாள். "கொடியேறி வாற ரெண்டாம் ஞாயிறு உங்கடை நட்சத்திரமும் வருகுது. அண்டைக்கு உருளுங்கோ."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. நான் அதை எச்சரித்திருக்க வேண்டும்.

"தக்சா, ஒரு பந்தயம். நீரும் நானும் சேர்ந்து இந்த ஆட்டத்தை முடிச்சால் நான் உருளுறன். இடுப்பு முறிஞ்சாலும் உருளுறன்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "முடியாட்டி?"

"முடியாட்டி நேத்தியை விட்டிட வேணும். தேங்காய் உடைச்சுக் கணக்கைத் தீர்க்கலாம்."

திட்டம் விளங்குகிறதா? ஆடுவது இரண்டு பேர். அதில் ஒருவன் நான். கடைசித் தட்டில் நான் நெருப்புக்குள் குதித்தால் ஆட்டம் முடியாது. முருகனே வந்து மற்றக் கைப்பிடியைப் பிடித்தாலும் முடியாது.

"நேத்தியை விடேலாது. அது எனக்கும் சாமிக்கும் உள்ள கதை" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "இப்பிடிச் செய்வம். முடியாட்டி, உங்கடை இடுப்பு நோ சுகமாகும் மட்டும் உருளச் சொல்லி வாயே திறக்கமாட்டன். காணுமே?"

காணுமா? தாராளமாகப் போதும்! என் இடுப்பு நோவுக்கு நான் நூறு வயது ஆயுள் எழுதி வைத்திருந்தேன்.

"கையைத் தாரும்!"

"பொறுங்கோ. பந்தயமெண்டால் நடுவர் வேணும். நீங்கள் அளாப்புவீங்கள்."

"நானோ?"

"கரம் விளையாடேக்க சிவப்புக் காயைப் பொக்கற்றுக்குள்ள போட்ட ஆள்தானே. பலகையின்ரை பொக்கற்றில்லை. உங்கடை பொக்கற்று." வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். "பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணையைக் கேப்பம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செபநாயகம் அண்ணை முப்பது வருசம் உதைபந்தாட்டத்துக்கு நடுவராய் விசில் ஊதியவர். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். ஆகவே என் பக்கமும் இல்லை, முருகன் பக்கமும் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, வீடியோ கேமைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர். அளாப்ப நினைக்கிறவனுக்கு இப்படி ஒரு நடுவர் தவமிருந்தாலும் கிடைக்காது.

"அண்ணையே வரட்டும்" என்றேன் பெருந்தன்மையாக.

பயிற்சி தொடங்கியது. பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு ரீவிக்கு முன்னால் இருவரும். முதல்நாள் தக்சாயினி பேயைக் கண்டதும் கைப்பிடியையே எறிந்துவிட்டாள். இரண்டாம் நாள் பேய்க்கு எறிய வேண்டிய மாவை எனக்கு எறிந்தாள்.

"தக்சா, அது நான்!"

"தெரியும்."

ஒரு கிழமைக்குள் ஆள் மாறிவிட்டாள். பாத்திரம் கழுவும்போதுகூட விரல்கள் பொத்தான் அமத்துவதுபோல அசைந்தன. "நீங்கள் மேல நில்லுங்கோ, நான் கீழ வாறதைப் பாக்கிறன்." "அந்த ஏணியை விடுங்கோ, அது எனக்கு." ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் இருந்தது ஜெர்மனியில் கார் ஓடப் பழகிய காலத்துக்குப் பிறகு இப்போதுதான். உண்மையைச் சொன்னால், சில நேரங்களில் நான் பந்தயத்தை மறந்துபோனேன். அவள் பந்தாக்கி அனுப்ப, நான் உதைக்க, இரண்டு பேரும் ஒன்றாகக் கத்த. பிறகு வயிறு ஞாபகம் வரும். மாமியின் அலாரம் ஞாபகம் வரும். மனதைக் கல்லாக்கிக்கொள்வேன்.

பந்தய நாள் பின்னேரம் செபநாயகம் அண்ணை முழு உடுப்போடு வந்தார். கறுப்புச் சேட், கறுப்பு அரைக்காற்சட்டை, காலில் முழங்கால்வரை இழுத்த மேசு, கழுத்தில் விசில். சேட்டுப் பொக்கற்றில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எட்டிப் பார்த்தன. கதிரையைத் தூக்கி ரீவிக்குப் பக்கத்தில் போட்டு, ரீவிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி அமர்ந்தார்.

"அண்ணை, ஆட்டம் உங்களுக்குப் பின்னால நடக்குது."

"நான் ஒருநாளும் பந்தைப் பாத்து விசில் ஊதினதில்லைத் தம்பி. ஆளைப் பாத்துத்தான் ஊதினனான்."

பாவம், வயது போய்விட்டது என்று நினைத்தேன்.

நான் உயரமான கதிரையில் பட்டியோடும் தலையணையோடும் இருந்தேன். "அம்மா..." என்று ஒருமுறை முனகினேன். விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கியது.

பத்தாம் தட்டில் தலையணை இடைஞ்சலாக இருந்தது. எடுத்து எறிந்தேன். இருபதாம் தட்டில் பட்டி மூச்சை முட்டியது. கழற்றினேன். முப்பதாம் தட்டில் கதிரையை விட்டு நிலத்துக்கு வந்து சப்பாணி கட்டினேன். நாற்பதில் குந்தியிருந்தேன். ஐம்பதில் ஒரு பேயை உதைக்கும்போது நானும் எழும்பி ஒரு உதை உதைத்தேன். விசில்! மஞ்சள் அட்டை.

"எதுக்கு அண்ணை மஞ்சள்?"

"ஆடும் தம்பி, ஆடும். பிறகு சொல்லுறன்."

"நான் என்ன அளாப்பினனான்?"

"இஞ்சருங்கோ, நடுவரோட கதைக்காதேங்கோ" என்றாள் தக்சாயினி. "அறுபது வந்திட்டுது!"

பூதம் வந்தது. போறணை எரிந்தது. நான் ஆடத் தொடங்கினேன். அதாவது, சாகத் தொடங்கினேன். ஓடிப்போய் நெருப்புக்குள் குதித்தேன். வெள்ளைத் தொப்பி கருகி விழுந்தது. உயிர் ஒன்று போனது. திரும்ப வந்தேன். திரும்பக் குதித்தேன். என் உயிர்கள் எல்லாம் முடிந்தன. "ஐயோ, பிழைச்சுப் போச்சு" என்று கையை விரித்தேன்.

டிங். தக்சாயினி தன் உயிரில் ஒன்றைத் தந்தாள். நான் எழும்பிவிட்டேன்.

குதித்தேன். டிங். எழும்பினேன்.

குதித்தேன். டிங்.

"மனுசனைச் சாகக்கூட விடுறீரில்லை!"

"தாலி ஏறின கழுத்து. லேசில சாகவிடுவனே?"

இப்படிச் சாவதும் எழும்புவதுமாகக் கடைசியில் அவளிடம் ஒரே ஒரு உயிர்தான் மிச்சம். என்னிடமும் ஒன்று. இதற்கிடையில் அவள் தனி ஆளாகப் பூதத்தை அடித்துக் குற்றுயிராக்கிவிட்டாள். பூதம் தள்ளாடியது. இன்னும் ஒரே ஒரு உருண்டை. அது என் கையில்.

"இனித் தர உயிர் இல்லை" என்றாள். பிறகு, இந்தப் பதினைந்து நாளும் பயிற்சியில் சொன்ன அதே குரலில், "அடியுங்கோவன்" என்றாள்.

ஒரு பொத்தான். அதை அமத்தினால், வெள்ளவத்தை ஒழுங்கையில் விட்டுவந்த முடிவு கிடைக்கும். அமத்தினால், ரெண்டாம் ஞாயிறு என் வயிறு உலகம் முழுக்க ஓடும். பெருவிரலைப் பொத்தானில் வைத்தேன். சுதாகரன் ஞாபகம் வந்தான். மாமியும் ஞாபகம் வந்தா.

மாமி வென்றா. நான் நெருப்புக்குள் குதித்தேன்.

தக்சாயினி ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தாள். பந்தயம் முடிந்தது. முடியாமல் முடிந்தது! நான் தப்பிவிட்டேன்!

எனக்குள் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சாய்ந்தேன். சிரித்தேன். புரண்டேன். சிரிக்கச் சிரிக்க உருண்டேன். ரீவியிலிருந்து குசினி வாசல்வரை உருண்டேன். அங்கிருந்து திரும்பி ரீவிவரை உருண்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுப் போனேன். வயிறுகூட இந்த முறை என்னோடு சேர்ந்தே வந்தது.

நீளமாக ஒரு விசில். நிமிர்ந்து பார்த்தேன். முகத்துக்கு நேரே சிவப்பு அட்டை.

"எழும்பும் தம்பி" என்றார் செபநாயகம் அண்ணை. "மைதானத்தில காலைப் பிடிச்சுக்கொண்டு கத்தின எத்தினையோ பேரைப் பாத்திட்டன். உண்மையா நொந்தவன் அசையமாட்டான். நோகாதவன்தான் உருளுவான். ஆனா உம்மைப்போல வடிவா உருண்ட ஒருத்தரை நான் காணேல்லை."

"அண்ணை, நீங்கள் ஆட்டத்துக்கெல்லோ நடுவர்?"

"எந்த ஆட்டம்? எனக்கு உந்தப் பேயும் மாவும் விளங்காது. பிள்ளை என்னைக் கூப்பிட்டது உம்மடை இடுப்பைப் பாக்க."

தக்சாயினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சுகமாகும் மட்டும் கேக்கமாட்டன் எண்டனான். சுகமாக்கிப் போட்டான்."

"தக்சா, கொஞ்சம் பொறும்..."

"சிவப்பு வாங்கினவர் மைதானத்துக்குள்ள நிக்கேலாது" என்றார் செபநாயகம் அண்ணை. "வெளிய போம்."

போனேன். என் சொந்த வீட்டிலிருந்து, என் சொந்தக் காலால், என் இடுப்புப் பட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு. பின்னால் கதவு சாத்தியது. யன்னலால் தக்சாயினியின் குரல் கேட்டது.

"அண்ணை, இந்தக் காசுப் பொத்தானை அமத்தினால் செத்த ஆளின்ரை இடத்தில ஆரும் இறங்கலாம். வாங்கோ."

"இதே உதைக்கிறது?"

"அது எறியிறது. உதைக்கிறது மற்றது."

நான் முற்றத்துப் பிலாமரத்துக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளவத்தையில் அந்தப் பொத்தானுக்கென்று இன்னொரு குற்றி போட எங்களிடம் வசதி இருந்ததில்லை. நான் அதை மறந்தேபோயிருந்தேன். ஆனால் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அதை எனக்காக அமத்தியிருந்தால் நான் திரும்ப எழும்பியிருப்பேன். அவளே பந்தயத்தை வென்றிருப்பாள். அமத்தவில்லை. அவளுக்கு நான் தோற்பது தேவைப்படவில்லை. நான் வெல்வதுதான் தேவைப்பட்டது. தோற்றிருந்தால் திரும்பவும் இடுப்பைப் பிடித்திருப்பேன். தோற்றவன் எவன் உருண்டு சிரிப்பான்?

உள்ளே தக்சாயினி கத்தினாள். செபநாயகம் அண்ணை கத்தினார். டம் என்று பூதம் விழுந்தது. பிறகு ஒரு இசை. நான் வாழ்நாளில் கேட்காத இசை.

ஓடிப்போய் யன்னலைப் பிடித்தேன். யன்னல் திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. கதவைத் தட்டினேன்.

"தக்சா! திறவும்! என்ன காட்டுது?"

முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு செபநாயகம் அண்ணை மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மைதானத்தில் ஆட்களுக்குக் கால் முறிந்தபோதும் முகம் மாறாத மனிதர்!

கதவு திறந்தபோது ரீவி கறுப்பாக இருந்தது. அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

"என்ன நடந்தது? ரெண்டு பேருக்கும் கடைசியில என்ன நடந்தது?"

"சொல்லுறன்" என்றாள் தக்சாயினி. "முதல்ல நேத்தி முடியட்டும்."

ரெண்டாம் ஞாயிறு வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டினேன். வெறும் மேலோடு வீதிக்கு இறங்கினேன். கமரா ஒன்று மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்தது. படுத்தேன். கைகளைக் கூப்பினேன். உருண்டேன். வானம் வந்தது, மணல் வந்தது, கோபுரம் வந்தது, மணல் வந்தது. வாய்க்குள்ளும் கொஞ்சம் மணல் வந்தது. தக்சாயினி மணல் துடைக்கத் துவாயை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தாள். மேற்கு வீதி திரும்பியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. முகம் அவள் பக்கம் திரும்பிய ஒரு கணத்தில், மணலைத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"தக்சா, இப்பவாவது சொல்லும். அந்த ரெண்டு பேருக்கும் கடைசியில என்ன நடந்தது?"

"கதைக்காமல் உருளுங்கோ."